மூன்று காலத்திலும் முடியாது

நடந்ததையெல்லாம் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. வாத்தியாரின் கார் பச்சையா நீலமா என்று யாராவது மடக்கினால் விழிப்பேன். அன்று மழை பெய்ததா, பெய்து ஓய்ந்திருந்ததா என்பதும் மறந்துவிட்டது. அவர் செத்துப்போனதற்கு அந்தக் கட்டடத்தில் ஒருவரும் அழவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மாலை ஐந்தரை. மரச்சாமான் கடையின் பின்கட்டில் மரம் அறுக்கும் இயந்திரம் நின்றது. நாள் முழுக்கக் காதைக் கிழித்த சத்தம் ஓய்ந்ததும், மாடியிலிருந்த ஆங்கில வகுப்பின் பின்ஜன்னலைத் திறந்து நர்ஸ் கீழே எட்டிப் பார்த்தாள். வகுப்பு தொடங்கும் நேரமாகியும் வாத்தியார் மேலே வரவில்லை. அவர் தினமும் சிகரெட் பிடிக்கும் சுவரோரத்திலேயேதான் இருந்தார். அவருக்கும் சுவருக்கும் இடையே இடமே இல்லை. முதுகுப் பக்கம் அவருடைய சொந்தக் கார் நின்றுகொண்டிருந்தது.

ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாள். ஸ்டேஷனில் அவளுக்கு 'ஊமைச்சாமி' என்று பெயர். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வந்த பிறகும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். பொய் சொன்னவனுக்கு அந்த மௌனம் தாங்காது. இன்னும் ரெண்டு பொய் சேர்த்துச் சொல்வான். பதவி உயர்வுக்கான நேர்காணலில் ஒருமுறை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டபோதும் அப்படியே இருந்தாள். அவர்கள் டீ வரவழைத்துக் குடித்து முடித்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை. பதவி உயர்வும் வரவில்லை. அன்றிலிருந்து ஆங்கிலத்தின் மீதும் அதைப் பேசுகிறவர்கள் மீதும், பேசக் கற்றுக்கொள்கிறவர்கள் மீதும் அவளுக்கு ஒரே மாதிரியான ஏளனம்.

சப்-இன்ஸ்பெக்டர் முற்றத்தைச் சுற்றிக் காட்டினான். அவன் வாயாடி.

"ஆக்சிடென்ட் இல்ல மேடம். வண்டி அந்த மரப்பலகை அடுக்குக்குப் பக்கத்துல நின்னிருக்கு. ரிவர்ஸ் எடுத்து, இந்தத் தூணுக்கும் பலகைக்கும் நடுவுல நுழைச்சு, திருப்பி, நேரா இங்க. ஒரு கீறல் இல்ல பாருங்க. நானா இருந்தா ரெண்டு பக்கமும் இடிச்சிருப்பேன்."

"தெரியும்" என்றாள் இன்ஸ்பெக்டர். அவன் ஓட்டும் ஜீப்பில்தான் அவள் வந்திருந்தாள்.

காருக்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். சாவி அதன் இடத்திலேயே இருந்தது. ஸ்டியரிங்கும் கியர்க் கம்பியும் துணியால் அழுந்தத் துடைக்கப்பட்டிருந்தன. ஹேண்ட் பிரேக் கடைசிவரை இழுத்துவிடப்பட்டிருந்தது. மனிதனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டு, வண்டி உருண்டுவிடக் கூடாதே என்று கவலைப்பட்டிருக்கிறான் ஒருவன்.

"மரம் அறுக்கிற சத்தத்துல பின்னாடி வண்டி வந்தது அவருக்குக் கேட்டிருக்காது மேடம். சாவி எப்பவும் மேல கரும்பலகைப் பக்கத்துல ஆணியிலதான் தொங்குமாம். எடுக்கக்கூடியவங்க மூணே பேர். மத்தவங்க யாரும் அப்ப வரல."

அந்த மூன்று பேரும் மாடியில் மூன்று பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலம் படிக்க வந்தவர்கள். ஒருத்தி நர்ஸ். இன்னொருவன் சாமான் வேன் ஓட்டுகிறவன். நர்ஸுக்குக் கொழுந்தன், அவள் புருஷனின் தம்பி. மூன்றாவது ஆள் நடுவயதுத் தையல்காரர்; கழுத்தில் அளவு நாடா, முகத்தில் எப்போதும் மன்னிப்புக் கேட்கும் சிரிப்பு.

நர்ஸ் அந்த நேரத்தில் கீழே கடை வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஏன் பார்த்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. வேன்காரன் சந்தில் தன் வேனுக்குள் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னான். அதற்கு நர்ஸ் மட்டுமே சாட்சி. தையல்காரர் மாடியிலேயே கழிப்பறையில் இருந்தாராம், வயிறு சரியில்லையாம். அதற்குச் சாட்சியே இல்லை.

"அப்படின்னா தையல்காரர்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

நர்ஸும் வேன்காரனும் ஒரே நேரத்தில் இல்லையென்று தலையாட்டினார்கள்.

"அவருக்கு ஓட்டத் தெரியாது மேடம்" என்றாள் நர்ஸ். "வகுப்புக்கே தெரியும்."

"ஆமா, அண்ணனுக்கு வண்டியே ஓட்ட வராது" என்றான் வேன்காரன். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறோம் என்று அந்த முட்டாளுக்கு உறைக்கவில்லை.

தையல்காரர் ஒரு நொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி தங்கமான பையன் மேடம். கொஞ்சம் கோபக்காரன். மத்தபடி தங்கம்."

மேலதிகாரி போனில் வந்தார். "லைசென்ஸ் யார்கிட்ட இருக்கு?"

"வேன்காரன்கிட்ட மட்டும்."

"முந்தாநாள் வாத்தியாரைப் பார்த்து 'உன்னை ஒருநாள் பாத்துக்கறேன்'னு கத்தினது யாரு?"

"அவன்தான்."

"அப்புறம் என்னம்மா யோசனை? உள்ள தூக்கிப் போடு."

உள்ளே போட்டார்கள். மறுநாள் இரவு அவனுக்கு விமானம். அண்ணன் இடுப்பொடிந்து படுக்கையில் கிடக்கிறான். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து வேன்காரனுக்குக் கிடைத்திருந்த வேலை அது ஒன்றுதான். நாளை ஏறாவிட்டால் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொள்ளும். ஏறினாலும் ஏறாவிட்டாலும் கொலைக் கேஸ் தனி.

"எதுக்குக் கத்தினே?" என்று இன்ஸ்பெக்டர் கம்பிக்கு வெளியே நின்று கேட்டாள்.

"ஒரே மாசத்துல என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு சொன்னார் மேடம். உனக்கு வாயும் இல்ல மூளையும் இல்ல, சரக்கோட சரக்கா உன்னையும் இறக்கிடுவாங்கன்னார். எல்லார் முன்னாடியும். அண்ணியும் இருந்தாங்க."

"அதுக்காகக் கொன்னுட்டியா?"

"நாளைக்கு நான் ஃபிளைட் ஏறப்போறவன் மேடம். அந்த ஆள் மூஞ்சியை இனிமே பார்க்கவே வேண்டாம்னு இருந்தவன். கொல்றதுக்கு எனக்கு என்ன வேண்டுதலா?"

இன்ஸ்பெக்டர் பதில் சொல்லவில்லை. வெகுநேரம் பார்த்தாள். அவன் வேறு எதையும் சேர்த்துச் சொல்லாமல் அழுதான். இது அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. பொய் சொல்கிறவனைக் கையாள்வது சுலபம்.

மறுநாள் காலை பத்து மணி. வாக்குமூலம் எழுத நர்ஸையும் தையல்காரரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். பெரியவர் என்று தையல்காரரை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டரும் நர்ஸும் பின்னால், பக்கவாட்டுப் பலகையில். சந்தில் வேன்காரனின் வேன் இன்னும் நின்றது. அதன் பின்சக்கரத்துக்கு அடியில் தலையளவு கல் ஒன்று முட்டுக் கொடுத்திருந்தது.

"கல் எதுக்கு?"

"ஹேண்ட் பிரேக் போய் ரெண்டு வருஷம் ஆச்சு மேடம்" என்றாள் நர்ஸ். "எங்க கொழுந்தனார் போற இடத்துக்கெல்லாம் கல்லைக் கூடவே தூக்கிட்டுப் போவார். பொண்டாட்டியை மறந்தாலும் மறப்பார், கல்லை மறக்க மாட்டார்."

தையல்காரர் சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டரும் சிரித்தான், சிரித்துக்கொண்டே முனையில் திரும்பினான். எதிரே ஒரு தண்ணீர் லாரி. நர்ஸ் வீறிட்டாள். தையல்காரர் அலறவில்லை, சீட்டில் விறைத்து, இரண்டு கால்களையும் தரையில் ஓங்கி ஊன்றினார். ஜீப் லாரிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"கடவுளே" என்றாள் நர்ஸ்.

"ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல" என்றான் சப்-இன்ஸ்பெக்டர். லாரிக்காரன் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை.

வாக்குமூலத்தில் புதிதாக எதுவும் இல்லை. தையல்காரர் வீட்டுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் நர்ஸை மட்டும் நிறுத்தி, மறுபடி வகுப்பறைக்குக் கூட்டிப் போனாள். அவளை ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கே என்று தெரியாத முள். பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்தாள். சாவி தொங்கிய ஆணி காலியாக இருந்தது.

"உங்க வாத்தியார் என்னதான் சொல்லிக் குடுத்தார்?"

"முடியாதுங்கிறதை மேடம்."

"புரியல."

"முடியும்ங்கிற பாடம் புத்தகத்துல முதல்ல இருக்கு. அதை அவர் நடத்தவே இல்ல. அது உங்களுக்கு எதுக்குன்னு கேட்டார். போற இடத்துல உங்களை மாதிரி ஆளுங்களுக்குத் தேவைப்படுறது முடியாதுங்கிறது ஒண்ணுதான், அதையாவது ஒழுங்கா சொல்லுங்கன்னார். முதல் நாளே ஆளுக்கொரு முடியாது கேட்டார். யோசிக்க விடமாட்டார், மேஜையைத் தட்டுவார். அன்னைக்குச் சொன்னதுதான் மேடம், கடைசிவரைக்கும் அதுதான். தினமும் எழுந்து நின்னு மூணு காலத்துலயும் சொல்லணும்."

"சொல்லு பார்ப்போம்."

நர்ஸ் எழுந்து நின்றாள். கைகள் தானாகப் பின்னால் கட்டிக்கொண்டன. "ஐ குடன்ட் ஸ்விம். ஐ கான்ட் ஸ்விம். ஐ வோன்ட் பி ஏபிள் டு ஸ்விம். நேத்தும் முடியல, இன்னைக்கும் முடியாது, நாளைக்கும் முடியப்போறதில்ல. எங்க கொழுந்தனாருக்கு சமையல். தையல்கார அண்ணனுக்கு டிரைவ். நாங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடறதே அப்படித்தான் மேடம். நான் 'கான்ட் ஸ்விம்', அவர் 'கான்ட் குக்', அண்ணன் 'கான்ட் டிரைவ்'."

இத்தனை பெரிய மனிதர்களை நிற்க வைத்து, தினமும் தன்னால் முடியாததைத் தானே ஒப்பிக்க வைத்த ஆளை நினைத்து இன்ஸ்பெக்டருக்கு வாய் கசந்தது. ஒப்பித்தவர்களை நினைத்து அதைவிடக் கசந்தது.

"நீங்க ஒண்ணு சொல்லுங்க மேடம், சும்மா" என்றாள் நர்ஸ். உடனே மேஜையைத் தட்டினாள், வாத்தியாரைப் போலவே. "குவிக், குவிக்!"

இன்ஸ்பெக்டருக்கு நேர்காணல் அறையின் டீ வாசனை வந்தது. நாக்குக்குப் பக்கத்தில் கிடந்ததை எடுத்துச் சொன்னாள்.

"ஐ கான்ட் ஸ்விம்."

"அட, நீங்களும் என் கட்சியா! உங்களுக்கும் நீச்சல் வராதா?"

வரும். போலீஸ் பயிற்சியில் நீச்சலில் முதலாவதாக வந்தவள் அவள். ஆனால் வாயில் வந்தது அந்த வார்த்தைதான். இப்போதுதான் காதில் விழுந்த வார்த்தை.

இன்ஸ்பெக்டர் பேசாமல் இருந்தாள். இந்த முறை அது தந்திரம் இல்லை.

"உனக்கு நிஜமாவே நீந்தத் தெரியாதா?" என்று கடைசியில் கேட்டாள்.

நர்ஸ் கலகலவென்று சிரித்தாள். "எங்க வீட்டுப் பின்வாசல் திறந்தா ஆறு மேடம். நடக்கிறதுக்கு முன்னாடியே நீந்தினவ நான். முதல் நாள் அந்த வார்த்தை ஒண்ணுதான் ஞாபகம் வந்துச்சு, சொல்லித் தொலைச்சேன். மறுநாள் மாத்தப் பார்த்தேன். 'ஒரே ராத்திரியில நீச்சல் வந்துடுச்சா'ன்னு எல்லாரையும் சிரிக்க வெச்சார். அப்படியே விட்டுட்டேன்."

"உன் கொழுந்தன்?"

"அண்ணன் படுத்த நாள்லருந்து எங்க வீட்டுல அவர் சமையல்தான். என்னை அடுப்படிக்குள்ள விடமாட்டார், உப்பு அள்ளிப் போட்டுடுவேன்னு."

"அப்ப தையல்காரருக்கு மட்டும் எப்படி நிஜமா ஓட்டத் தெரியாதுன்னு நம்பினே?"

நர்ஸின் சிரிப்பு நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது.

"அவர்... தினமும் சொல்வாரே மேடம்."

சப்-இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அவர் பேர்ல லைசென்ஸ் இல்ல மேடம். நான் செக் பண்ணிட்டேன்."

"அவர் வீட்டுல கேட்டியா?"

"எதை?"

"அவருக்கு ஓட்டத் தெரியுமான்னு. தமிழ்ல."

கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. வகுப்பே ஒரே குரலில் சொன்ன ஒன்றை எதற்காகக் கேட்பது? இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும் என்று தோன்றியதால் வாயை மூடிக்கொண்டாள்.

பிற்பகல் மூன்று மணி. தையல்காரரின் வீடு கடைக்குப் பின்னால் ஒரே அறை. அவர் மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் முன்னாடி என்ன வேலை பார்த்தார்மா?"

"மில்லுல மேடம். பஞ்சுப் பேல் ஏத்துற லாரி ஓட்டினார்." அவள் குரலில் பெருமை இருந்தது. "அந்தக் குடோனுக்கும் இந்தக் குடோனுக்கும். இவர் மாதிரி ரிவர்ஸ் எடுக்க ஆளே இல்லன்னு மேனேஜரே சொல்வாரு. சுவருக்கும் லாரிக்கும் நடுவுல கை நுழையாது, அப்படி நிறுத்துவாரு. மில்லை மூடினப்புறம்தான் தையல்."

"லைசென்ஸ்?"

"மில் காம்பவுண்டுக்குள்ள ஓட்டுறதுக்கு எதுக்கு லைசென்ஸ்?"

மெஷின் நின்றது.

"நீ உள்ள போ" என்றார் தையல்காரர் மனைவியிடம். அவள் போகவில்லை. அந்த வீட்டில் உள்ளே என்று ஒரு இடமும் இல்லை.

"காரை வெச்சு இடிச்சவன் இறங்கும்போது ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கான்" என்றாள் இன்ஸ்பெக்டர். "வேன்காரனுக்கு ரெண்டு வருஷமா அந்தப் பழக்கமே கிடையாது. அவன் கல்லைத் தேடி ஓடுற ஆளு. இது சரிவுல சரக்கு லாரி நிறுத்திப் பழகின கை. காலையில ஜீப்புல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"லாரி வந்துச்சு."

"ஓட்டத் தெரியாதவங்க என்ன செய்வாங்க? கத்துவாங்க, கம்பியைப் பிடிப்பாங்க, கண்ணை மூடுவாங்க. நர்ஸ் அதைத்தான் செஞ்சா. நீங்க வலது காலால பிரேக்கை மிதிச்சீங்க, இடது காலால கிளட்ச்சை மிதிச்சீங்க. அங்க ரெண்டும் இல்ல, வெறும் தகரம்தான் இருந்துச்சு. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பார்த்தும் புரியல. ஏன்னா உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு நானும் நம்பினேன்."

தையல்காரர் காலரைத் தடவிச் சுருக்கம் எடுத்தார். இன்ஸ்பெக்டர் காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

"நான் அதைத் திட்டம் போட்டுச் சொல்லல மேடம்" என்றார் அவர். "முதல் நாள் மேஜையைத் தட்டினார். வாயில வந்தது அதுதான். தினமும் சொல்லிச் சொல்லி, அது பொய்ங்கிறதே எனக்கு மறந்துபோச்சு. நேத்து நீங்க கேட்டப்ப, 'அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது'ன்னு அவங்க ரெண்டு பேரும் சொன்னாங்களே, அப்பதான் ஞாபகமே வந்துச்சு. தானா வந்து மடியில விழுந்துச்சு. எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"அந்தப் பையன் உள்ள போனானே?"

"தங்கமான பையன்" என்றார், அதே மன்னிப்புச் சிரிப்போடு.

இன்ஸ்பெக்டருக்கு அதுவரை அவர் மேல் இருந்த கொஞ்ச இரக்கமும் அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

"எதுக்குக் கொன்னீங்க?"

"வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க வாத்தியாருக்குத்தான் போன் பண்ணி விசாரிப்பாங்க. ரெண்டு தடவை எனக்கு வர வேண்டியது வராமப் போச்சு. ஏன்னு தெரியாது. நேத்து நான் சீக்கிரமே போயிட்டேன். அவரே கூப்பிட்டுச் சொன்னார், மூணாவது கம்பெனியும் கேட்டாங்கன்னு. 'உன்னைப் பத்தி நீ தினமும் சொல்றதையே சொன்னேன்யா. ஹி குடன்ட், ஹி கான்ட், ஹி வோன்ட் பி ஏபிள் டு. எவ்வளவு அழகான இங்கிலீஷ், பாரு!' அப்படின்னு சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே சிகரெட் பிடிக்கக் கீழ போனார். சாவி ஆணியில தொங்கிச்சு."

மனைவி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "நீங்க மூணு வருஷமா இங்கிலீஷ்ல என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

மாலை ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் கம்பிக் கதவைத் தானே திறந்தாள். மேலதிகாரி போனில், தனக்கு ஆரம்பத்திலிருந்தே தையல்காரர் மேல்தான் சந்தேகம் என்றார். அவள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"போ" என்றாள் வேன்காரனிடம். "உன் அண்ணி பெட்டியோட வாசல்ல நிக்கிறா."

"விட்டுட்டீங்களா மேடம்? நிஜமாவா?"

"ஃபிளைட்டை விட்டுடாதே. ஜீப்புல கொண்டுவிடச் சொல்றேன்."

அவன் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். காலையில் நடந்ததை அண்ணி சொல்லியிருக்க வேண்டும். "வேண்டாம் மேடம்" என்றான். "நான் உயிரோட போய்ச் சேரணும்."

வேன்காரன் விமானம் ஏறினான். போன இடத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறான். ஒரு மாதத்தில் யாரும் திருப்பி அனுப்பவில்லை. அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணன் இன்னும் படுக்கையில்தான். நர்ஸ் தேர்வில் தேறினாள், ஆனால் புருஷனை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் உள்ளூர் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டாள். தையல்காரருக்கு ஆயுள் தண்டனை. சிறையில் கைதிகளுக்குச் சட்டை தைக்கிறார். மனைவி மெஷினை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டோடு போய்விட்டாள். சப்-இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வாத்தியாரின் காரை மரக்கடைக்காரர் வாங்கினார். வகுப்புக்கு வேறு வாத்தியார் வந்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் அடுத்த நேர்காணலுக்குப் போகவில்லை. இன்னும் இன்ஸ்பெக்டராகவே இருக்கிறாள்.